பெயர் தெரியாத மூவாயிரம் பேர்

திங்கட்கிழமை மாலை நாலேகாலுக்கு நறுமுகையின் கைபேசி அடித்தது. உடுமலைப்பேட்டை ருக்குமணி அம்மாள். எடுத்தவுடன் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அம்மிணி, எங்கூட்டுக்காரருக்கு மூச்சு நின்னு போச்சு அம்மிணி!"

நறுமுகை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இப்ப எப்படி இருக்காருங்க?"

"இருக்காரு. ஏதாவது ஆச்சுன்னா காந்தத்தை நெஞ்சுல வெக்கோணும்னு நீ அன்னிக்குச் சொல்லிக் குடுத்தியல்ல? ஓடிப்போய் எடுத்தாந்து வெச்சேன். மறுபடி ஓடுது. அதுக்குள்ள மூஞ்சியெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு."

"பழைய மூச்சுதான் வருதுங்களா?"

"அதேதான். ஆஸ்பத்திரிக்காரங்க குடுத்த மூச்சு. பேச முடியாம உக்காந்திருக்காரு."

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நரம்புக் காய்ச்சல் வந்து போனது. பிழைத்தவர்களில் சில ஆயிரம் பேருக்கு மூச்சை இழுக்கும் நரம்பு செத்துவிட்டது. அவர்களுடைய காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். நிமிடத்துக்குப் பதினாலு முறை அது மூச்சை இழுத்து விட்டது. தூங்கினாலும் பதினாலு, படியேறினாலும் பதினாலு. மூன்று சொல் பேசினால் அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் அறுந்துபோகும்.

நறுமுகை எழுதிய 'உயிர்ப்பு' என்ற மென்பொருள் அதை மாற்றியது. அது கைபேசியில் இருந்துகொண்டு உடம்பு கேட்கிற மூச்சைக் கணக்கிட்டுக் கருவிக்குச் சொல்லும். பேச நினைத்தால் நீளமாக இழுக்கும், ஓடினால் விரைவாக. நெஞ்சில் காந்தத்தை வைத்தால் கருவி அதை விட்டுவிட்டு மருத்துவமனை வைத்த பழைய மூச்சுக்குத் திரும்பிவிடும். முதலில் அதை அவள் எழுதியது ஒரே ஒருவனுக்காகத்தான். கல்லூரியில் கூடப் படித்தவனும் தொழிலில் கூட்டாளியுமான ஜாபருக்கும் அந்தக் காய்ச்சல் வந்திருந்தது.

அவனும் இப்போது எதிர் மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, கருவியில என்ன கிழமை ஓடுதுன்னு கைபேசியில காட்டும், பாருங்க."

ருக்குமணி அம்மாள் போய்ப் பார்த்து வந்தார். "வியாழக்கிழமைன்னு போட்டிருக்குது. போன மாசம் ஆஸ்பத்திரியில கருவிக்குப் பேட்டரி மாத்தினப்பவே மூணு நாள் தப்பா வெச்சுட்டாங்க. அதுவா அம்மிணி காரணம்?"

ஒரு மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிட்டது. நறுமுகை தன் கையாலேயே எழுதிய வரியைத் திரையில் காட்டினாள்.

"நாட்களை எண்ணறதுக்குப் பத்து இரும எண் கட்டம்தான் ஒதுக்கியிருக்கேன் ஜாபர். ஆயிரத்து இருபத்து மூணு வரைக்கும் எண்ணும். அதுக்கு மேல இடமில்லை. அங்கேயே நின்னுடும். கருவியோ, மென்பொருள் இன்னும் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு அதுபாட்டுக்குச் சும்மா காத்திருக்கும்."

"எந்த நாள்லேருந்து எண்ணுது?"

"நாம வெளியிட்ட நாள்லேருந்து. எல்லாருக்கும் ஒரே கணக்கு. வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு எல்லாருக்கும் ஒண்ணா நிக்கும்."

ஜாபர் தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்தான். ஏன் பத்துக் கட்டம் என்று அவன் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் திருத்தி எழுதிவிடலாம் என்று அன்று நினைத்தாள், பிறகு மறந்துபோனாள்.

திருத்துவதற்கு இருபது நிமிடம்தான் ஆனது. முதலில் ஜாபருக்குப் போட்டாள். அடுத்து ருக்குமணி அம்மாளுக்கு அனுப்பினாள். அவர் கணவர் கருப்பணன் தன் குரலில், "நல்லாருக்குதுங்க அம்மிணி, முழுசா இழுக்குது" என்றபோது அவளுக்குக் கண் கலங்கியது.

அவரைப் போல நேரடியாக வாங்கியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். சிங்காநல்லூரில், பேக்கரிக்கு மேலே இருந்த இந்த அறைக்கே வந்து, பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனவர்கள். இருவரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் எல்லோருக்கும் புதியது போய்ச் சேர்ந்தது.

மீதிப் பேர் மூவாயிரத்து நூற்று நாற்பது. அவர்கள் அங்காடியில் வாங்கியவர்கள்.

எல்லாக் கைபேசியும் அந்த ஒரு கடைக்குத்தான் திறக்கும். அங்காடி என்றால் எல்லோருக்கும் அதுதான். வேறு வழியில் வாங்கலாம் என்று சட்டம் வந்து நாலு வருடமாகிறது. ஆனால் அப்படி வாங்கப் போனால் மூன்று முறை சிவப்புத் திரை வந்து பயமுறுத்தும். 'அங்காடியில் வாங்குங்கள், அதுதான் பாதுகாப்பு' என்று மருத்துவமனைகளே நோயாளிகளுக்குச் சொல்லி அனுப்பின. யார் வாங்குகிறார்கள் என்பதை, மென்பொருளை எழுதியவர்களுக்கு அங்காடி சொல்லாது. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. எத்தனை கைபேசியில் ஓடுகிறது என்று அவர்கள் திரையின் மூலையில் ஒரு எண்ணிக்கை மட்டும் தெரியும்.

திருத்திய உயிர்ப்பைத் திங்கட்கிழமை இரவே அவள் அங்காடிக்கு அனுப்பியிருந்தாள். திறந்ததும் முதலில் தெரியும்படி ஒரு எச்சரிக்கையும் தன் தொலைபேசி எண்ணும் வைத்திருந்தாள். செவ்வாய் காலையில் அது திரும்பி வந்துவிட்டது. 'செயலிக்குள் தொலைபேசி எண் உள்ளது. இது வாடிக்கையாளரை அங்காடிக்கு வெளியே அழைத்துச் செல்லும் முயற்சி.'

எண்ணை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். 'மருத்துவப் பிரிவு. பரிசீலனைக் காலம் பத்து வேலை நாட்கள்' என்று வந்தது.

உதவி மையத்தைக் கூப்பிட்டாள். மனிதர் எவரும் எடுக்கவில்லை. பயிற்றுவிக்கப்பட்ட இயந்திரப் பெண்குரல் ஒன்று இனிமையாகப் பேசியது.

"நாளை மறுநாள் மூவாயிரம் பேருக்கு மூச்சு நின்னுடும். என் தப்புதான். திருத்தி அனுப்பியிருக்கேன். தயவுசெஞ்சு அதை மட்டும் வெளியே விடுங்க."

"உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது."

"வரிசையில நிக்க நேரமில்லைங்க! செத்துப்போயிடுவாங்க!"

"உங்களுக்கோ அருகில் உள்ளவருக்கோ உயிர் ஆபத்து என்றால் ஆம்புலன்ஸை அழைக்கட்டுமா?"

நறுமுகை கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். விற்பனையை நிறுத்தினாலோ, புதிதாக எவரும் வாங்க முடியாதே தவிர, வாங்கியவர்களுக்கு எதுவும் போய்ச் சேராது. விளக்கப் பக்கத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்கும் பத்து நாள்.

புதன்கிழமை முழுவதும் அலைந்தார்கள். சுகாதாரத்துறை அலுவலகத்தில் ஒருவர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டு, எழுத்தில் கொடுங்கள், சென்னைக்கு அனுப்புகிறேன் என்றார். நல்ல மனிதர்தான். சென்னையிலிருந்து பதில் வர எத்தனை நாளாகும் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். தொலைக்காட்சிக்காரர்கள் அங்காடியின் பதிலும் வந்தால்தான் போட முடியும் என்றார்கள். ஜாபர் வலைத்தளங்களில் எழுதியதன் மேல் 'சரிபார்க்கப்படாத, பீதி கிளப்பும் செய்தி' என்று முத்திரை குத்தி மறைத்துவிட்டார்கள். மருத்துவர்கள்தான் கொஞ்சம் உதவினார்கள். கோவையிலும் மதுரையிலும் வேலூரிலும் சிலர் தங்கள் பழைய நோயாளிகளைத் தேடிக் கூப்பிட்டு, காந்தத்தை வைக்கச் சொன்னார்கள், உயிர்ப்பை நீக்கச் சொன்னார்கள்.

மாலையில் மூலையில் இருந்த எண் இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டுக்கு வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை இருவரும் அறையில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாபர்தான் ஆரம்பித்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சீட்டாட்டச் செயலி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வங்கிக் கடவுச்சொல்லைத் திருடினாங்களே? புகார் போன நாப்பது நிமிஷத்துல அங்காடிக்காரன் எல்லாக் கைபேசியிலேருந்தும் துடைச்சு எடுத்துட்டான். செத்துப்போவாங்கன்னு கத்தினா பத்து நாள். திருட்டுன்னு சொன்னா நாப்பது நிமிஷம்."

அவன் கசப்பில்தான் சொன்னான். நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள்.

"துடைச்சுட்டா கருவி என்ன பண்ணும்?"

"ஆஸ்பத்திரி மூச்சுக்குத் திரும்பிடும்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "வேண்டாம் முகை."

"அப்போ பிழைச்சுக்குவாங்க."

"பிழைச்சுக்குவாங்க. அந்த மூச்சு என்னன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எம் பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அவ திரும்பறதுக்குள்ள மூச்சு தீர்ந்துடும். ரெண்டு வருஷம் அப்படி இருந்தேன். அதுல ஒரு நாள், இதையே மொத்தமா நிறுத்த வழி இருக்கான்னு கூட நினைச்சுப் பார்த்திருக்கேன். மூவாயிரம் பேர்கிட்டேருந்து பேச்சைப் பிடுங்கப் போறோம். அதுவும் ஏன்னே சொல்லாம."

"நாலு பத்துக்கு உயிரே போயிடும் ஜாபர்."

"உன்னை உள்ளே தூக்கிப் போட்டுடுவாங்க. இனி ஜென்மத்துக்கும் உன் பேர்ல எதுவும் எழுத முடியாது. உன் பேரைக் கண்டாலே கைபேசி கதவைச் சாத்திடும்."

"அதனாலதான் உன் பேர் இதுல இருக்கக் கூடாது."

அவள் ஏற்கெனவே ஒரு தாளை எடுத்து வைத்திருந்தாள். நிறுவனத்திலிருந்து ஜாபர் விலகுகிறான் என்று ஒரே பத்தி. அவன் படித்துவிட்டுத் தாளைத் தள்ளினான். அவள் மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"திருத்தின உயிர்ப்பு உங்கிட்ட இருக்கு. வேற பேர் வெச்சு, உன் பேர்ல, நேரடியாக் குடு. தேடி வர்றவங்களுக்கெல்லாம் குடு. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா அவங்களுக்கு யாருமே இல்லை."

ஜாபர் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

தீங்கான மென்பொருள் பற்றிய புகார்ப் படிவத்தை அவள் திறந்தாள். 'உயிர்ப்பை எழுதியவள் நான். வாங்கியவர்களின் வங்கிக் கடவுச்சொற்களை மூன்று வருடமாக அதன்வழி திருடி வருகிறேன். மனசாட்சி உறுத்துவதால் ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதினாள். ஆதாரம் கேட்டது. இல்லாத மனிதர்களுக்குப் பெயர் வைத்து, கடவுச்சொல் வைத்து, இருநூறு வரிக்கு ஒரு பட்டியலைத் தட்டி இணைத்தாள். இத்தனை வருடமாக அவள் தெரிந்துகொள்ள ஏங்கிய பெயர்கள். இப்போது பொய்யாக அவளே இட்டுக்கட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு எண் நகர ஆரம்பித்தது. இரண்டாயிரத்து எழுநூறு. இரண்டாயிரத்து நூறு. ஆயிரத்து நானூறு. ஒவ்வொரு எண் குறையும்போதும் எங்கோ ஒருவர் பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் அறுகிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பவராக இருக்கலாம், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். இன்னும் குறையட்டும், இன்னும் குறையட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டரை மணிக்கு அறுபது. மூன்று மணிக்கு நாற்பத்து நாலு. கைபேசியை அணைத்து வைத்தவர்கள், சிக்னல் இல்லாத மலையில் இருப்பவர்கள். மூன்று இருபதுக்கு முப்பத்தேழு.

அத்தோடு திரை வெளுத்தது. 'உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.'

அந்த முப்பத்தேழு என்னவாயிற்று என்று பார்க்க வழியில்லை. நாலு பத்து வந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் அந்த இடத்தைத் தாண்டிப் போனது. ஜாபர் படியிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவன் மூச்சு சீராக வந்து போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குப் போலீஸ் வந்தது.

பத்தொன்பது நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. அதற்குள் அவள் படம் எல்லாச் செய்தியிலும் வந்துவிட்டது. 'நோயாளிகளின் மூச்சில் திருடியவள்.' நேரடியாக வாங்கியவர்களிலேயே பலர் அவளை நம்பவில்லை. ருக்குமணி அம்மாள் மட்டும் சிறைக்கு வந்து, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று, ஒன்றும் கேட்காமல் அழுதுவிட்டுப் போனார்.

அறையைப் போலீஸ் பூட்டி முத்திரை வைத்திருந்தது. உக்கடத்தில் ஜாபர் வீட்டுக் கீழ்க்கூடத்தில்தான் இப்போது வேலை நடந்தது. நறுமுகை நேராக அங்கே போனாள். ஜாபர் மருத்துவர்களிடம் விசாரித்து வைத்திருந்தான்.

"அந்த வியாழக்கிழமை சாயங்காலம் மூணு பேர் முகை. மாரடைப்புன்னு எழுதியிருக்காங்க. யாருக்கும் சந்தேகம் வரலை."

"பேரு?"

"ஓசூர்ல லூர்துமேரி. பரமக்குடியில முத்திருளப்பன். வால்பாறை எஸ்டேட்ல சரசம்மா."

அங்காடியில் வாங்கியவர்களில் அவள் அறிந்துகொண்ட முதல் பெயர்கள் அவை. மூன்றையும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் ஜாபர் ஒரு மின்னஞ்சலைக் காட்டினான். நிறுவன முகவரிக்கு வந்திருந்தது. 'நீங்கள் அனுப்பிய திருத்தம் பரிசீலிக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தான பிழையைச் சரிசெய்கிறது என்று கண்டறிந்து ஏற்கிறோம். வாழ்த்துகள். உங்கள் கணக்கு மூடப்பட்டுள்ளதால் வெளியிட இயலவில்லை.' பத்தாவது வேலை நாளில், சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தது.

"இது போதும்," என்றான் ஜாபர். அவன் முகம் வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. "நீ எதுக்காகப் பொய் சொன்னேன்னு இதைப் பார்த்தா சின்னப் பிள்ளைக்கும் புரியும். வக்கீல்கிட்டப் பேசிட்டேன். கேஸ் நிக்காது."

"கேஸ் நிக்கலைன்னா அங்காடி என்ன பண்ணும்?"

"கணக்கைத் திறந்து விட்டுடுவான்."

"திறந்தா? விதியை முழுசாப் படி. தவறா நீக்கின மென்பொருள் அந்தந்தக் கைபேசிக்குத் தானாத் திரும்பப் போகும். எடுத்தது எதுவோ அதுவே போகும். அப்புறம்தான் திருத்தம், ஒரு மணி நேரமோ ஒரு நாளோ கழிச்சு. பழைய உயிர்ப்பு இன்னிக்கு எந்த நெஞ்சுல ஏறினாலும் ஏறின நிமிஷமே நிக்கும் ஜாபர்."

ஜாபர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலர்ச்சி மெல்ல வடிந்தது.

"அப்போ எவ்வளவு நாள்?"

"எல்லாரும் உங்கிட்ட வந்து சேர்ற வரைக்கும்."

"மூவாயிரம் பேரா? இதுவரைக்கும் நூத்திச் சொச்சம்தான் வந்திருக்காங்க. வருஷக்கணக்காகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் நான் திருடிதான்." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாதே. நல்லவங்ககிட்டக் கூட. நல்லவங்கதான் நியாயம் கேட்டுக் கிளம்புவாங்க."

அதற்கடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். திருமலைசாமி என்று பெயர் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொப்பரை ஏலத்தில் விலை கூவுகிறவர். இருபத்தெட்டு வருடம் அந்தக் களத்தில் அவர் குரல்தான் கேட்டதாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து மூச்சு ஆனது.

"ஏலத்துல... வேற ஆளை... போட்டுட்டாங்க. இங்க ஒரு பாய்... என்னமோ... போட்டுத் தர்றார்னு..."

கூடத்தின் மூலையில் மேசைக்குப் பின்னால் இருந்த நறுமுகையை அப்போதுதான் அவர் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. எழுந்துவிட்டார்.

"நீதான... அந்தப்... பொம்பளை."

"ஆமாங்க," என்றாள் நறுமுகை.

அவர் கத்த வாயைத் திறந்தார். கருவி அப்போது மூச்சை வெளியே விடும் நேரம். வெறும் காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் கோத்தது. அடுத்த மூச்சு வரும் வரை, திறந்த வாயோடு, அவளையே பார்த்தபடி நின்றார்.

ஜாபருக்குத் தாங்கவில்லை. "ஐயா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும். இவங்க..."

"ஜாபர்." அவள் அவ்வளவுதான் சொன்னாள்.

அவன் நிறுத்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா, கைபேசியைக் குடுங்க" என்றான்.

"இது... இவ... பண்ணினதா?"

ஜாபர் ஒருமுறை நறுமுகையைப் பார்த்தான். "இல்லீங்க ஐயா. நான் பண்ணினது."

முதல் சிவப்புத் திரை வந்தது. 'இது அங்காடியில் வாங்கியதல்ல. உங்கள் உயிருக்கு ஆபத்து நேரலாம்.' திருமலைசாமியின் கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. "இன்னொருக்கா... ஏமாந்துருவனா..." என்று கேட்டார். ஜாபர் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, காறை எலும்புக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினான். "எனக்குள்ள ஓடறதும் இதேதான் ஐயா." அவர் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அழுத்தினார். இரண்டாவது. மூன்றாவது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவர் நெஞ்சு உயர்ந்தது. உயர்ந்துகொண்டே போனது. அவ்வளவு காற்று உள்ளே போவதை நம்ப முடியாதவர்போல இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டார். மூச்சை விட்டார், மறுபடி இழுத்தார்.

இழுத்த மூச்சோடு நறுமுகை பக்கம் திரும்பினார்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா, நெஞ்சுக்குள்ள பொட்டியை வெச்சுக்கிட்டு இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறவங்க மூச்சுல கை வெக்கறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு, இருவத்தெட்டு வருசம் கூவின களத்துல என்னைய ஊமையாட்டம் நிக்க வெச்சுட்டியே, எம் பேத்தி கதை சொல்லுன்னு வந்தா நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனே, நீ நல்லாருப்பியா, நீ வெளங்குவியா..."

மூச்சு விடாமல் திட்டினார். களத்தின் கடைசி மூட்டைக்கும் கேட்கிற குரல். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஜாபர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நறுமுகை கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல், அவர் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.